வலியை அளக்க மீட்டர் உண்டா?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். "இண்டஸ்ட்ரியல் விசிட் போன கதையை எழுதுடா, படிக்கிறவன் சிரிக்கணும்" என்றான் ஒருவன். அந்தக் கதையை எழுத நம் வகுப்பில் பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுத வேறொன்று இருக்கிறது. ஒரு வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். இந்த மலரோடு நாம் பிரியப் போகிறோம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

நம்ம மெஷின்ஸ் லேபை நினைத்துப் பாருங்கள். டி.சி. ஷன்ட் மோட்டாரில் லோடு டெஸ்ட். அம்மீட்டர், வோல்ட்மீட்டர், டேக்கோமீட்டர் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கருவி உண்டு. முள் நிற்கிற இடத்தைப் பார்த்து எழுத வேண்டியதுதான் நம் வேலை. ஆனால் எத்தனை பேர் அப்படி எழுதியிருக்கிறோம்? மூணு ரீடிங் எடுத்துவிட்டு, மீதி ஐந்தை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 'செட்' பண்ணி, வளைகோடு அழகாக வரவைத்து, கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை ஒரு தடவை வீட்டுக்கும் கொண்டுபோனேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிக் குடோனில் ஆறு தறி பார்த்தவர். 2024 தொடக்கத்தில் இடுப்புக்கு மேலே வலி என்றார். "தறி ஓட்டறவனுக்கு முதுகு வலிக்காம வேற எது வலிக்கும்?" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, சுளுக்கு எடுக்கிறவர் என்று ஆறு மாசம் ஓடியது. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் குடோனிலேயே எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. சும்மா படுத்திருக்கும்போதும் விடாத, ராத்திரியில் கூடுகிற முதுகுவலி என்றால் தைலத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஊசி போட்டார்கள். முதுகுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நம்ம ஊரில் அதற்குப் பேர் 'கரண்ட் வைக்கிறது'. "நீ கரண்டுக்குத்தானே படிக்கிற, எத்தனை வோல்ட்டுன்னு கேளுடா" என்றார் சித்தப்பா. அது கரண்ட் இல்லை சித்தப்பா, எக்ஸ்ரே மாதிரி, அதைவிட வீரியம் கூடின கதிர் என்று விளக்கினேன். எலும்பு வலிக்கு அது நல்ல வைத்தியம்தான். ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு ராத்திரியையும் கழிப்பது எப்படி? டிராமடால் கொடுத்தும் தாங்கவில்லை. அப்போதுதான் அரசு ஆஸ்பத்திரியில் 'வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவு' என்று போர்டு போட்ட, ஆறே கட்டில் உள்ள ஒரு ஹாலுக்கு அப்பாவை அனுப்பினார்கள்.

அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலி எப்படி இருக்கு ஐயா?"

"பரவாயில்லீங்க சிஸ்டர்."

அப்படிச் சொன்ன அப்பாவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. சிஸ்டர் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"பரவாயில்லைன்னா எனக்குப் புரியாது. வலியே இல்லைன்னா சைபர். இதுக்கு மேல தாங்கவே முடியாதுன்னா பத்து. உங்களுக்கு எத்தனை?"

"அதெல்லாம் படிச்சவங்களுக்குங்க..."

"சரி விடுங்க. முழு வலி ஒரு ரூபாய்னு வைச்சுக்குவோம். இப்ப எத்தனை பைசா இருக்கு?"

அப்பா யோசித்தார். "முக்கா ரூவா இருக்குதுங்க. திரும்பிப் படுத்தா ஒரு ரூவாயும் ஆயிருமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாசமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. நான் தினமும் கேட்ட கேள்வியே "அப்பா, பரவால்லையா?" என்பதுதான். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், அப்பா வேறு என்ன சொல்வார்?

சிஸ்டர் அதோடு விடவில்லை. எங்கே வலிக்குது, எப்ப கூடுது, எது செய்தா குறையுது என்று கேட்டார். குத்துதா, குடையுதா, எரியுதா, சுரீர்னு இழுக்குதா என்று கேட்டார். நம் தமிழில் வலிக்குத்தான் எத்தனை சொற்கள்! முதுகில் குடைச்சல் என்றும், இடது காலில் எரிச்சலாகச் சுரீரென்று இறங்குகிறது என்றும் அப்பா சொன்னார். அது வெறும் பேச்சு இல்லை. குடைச்சல் எலும்பிலிருந்து வருவது. எரிந்துகொண்டு இறங்குவது நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு. அப்பா சொன்ன ஒரு சொல்லை வைத்து டாக்டர் ராத்திரிக்கு நரம்பு வலி மாத்திரை ஒன்றைச் சேர்த்து எழுதினார்.

எனக்குள் இருந்த எலக்ட்ரிக்கல் மாணவன் சும்மா இருப்பானா? "பி.பி.க்கு மெஷின் இருக்கு, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கு. வலிக்கு மீட்டர் இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கே தம்பி. உங்கப்பா வாய்தான் மீட்டர். அவர் சொல்றதுதான் ரீடிங். நாம அதைத் திருத்தக் கூடாது."

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, இது அந்த சிஸ்டரின் சொந்தக் கருத்து மட்டும் இல்லை என்று. மார்கோ மெக்கஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968-லேயே, நோயாளி எதை வலி என்று சொல்கிறாரோ அதுதான் வலி, அவர் இருக்கிறது என்று சொல்லும்போது அது இருக்கத்தான் செய்கிறது என்ற பொருளில் எழுதினார். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-இல் தன் இலக்கணத்தைத் திருத்தியபோதும், ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. வாய் பேச முடியாதவர்களுக்குச் சுளித்த நெற்றி, இறுகிய கை, முனகல் இவைதான் ரீடிங். குழந்தைகளுக்குச் சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் முகப்படம் காட்டிக் கேட்பார்கள்.

* * *

அன்று மருந்து வருவதற்கு முன்னாலேயே சிஸ்டர் செய்த சில காரியங்களைச் சொல்ல வேண்டும். எல்லாம் பைசா செலவில்லாதவை.

முதலில் கட்டில் விரிப்பின் சுருக்கங்களை இழுத்துச் சரிசெய்தார். "ஆரோக்கியமா இருக்கிறவனுக்கு அது சுருக்கம். நகர முடியாதவருக்கு அது கல்லு" என்றார். பிறகு அப்பாவைத் திருப்பும் முறையைக் காட்டினார். நாங்கள் அதுவரை தோளைப் பிடித்து இழுத்துத் திருப்புவோம். இடுப்பு பின்னால் தங்கிவிடும். முதுகெலும்பு முறுக்கிக்கொண்டு அப்பா அலறுவார். சிஸ்டர் அடியில் ஒரு விரிப்பைக் குறுக்காகப் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து பிடித்து, தோளும் இடுப்பும் காலும் ஒரே சமயத்தில் ஒரு மரக்கட்டை உருள்கிற மாதிரி திருப்பினார். திருப்புமுன், "ஐயா, மூணு எண்ணுவேன், மூணுல திரும்பறோம், நீங்க மூச்சை மெதுவா வெளியே விடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, முதுகுக்கு முட்டாக ஒன்று, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றம்; மாற்றும்போது தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்வை.

சூடு ஒத்தடம் பற்றிக் கேட்டேன். கதிர்வீச்சு வாங்கிய தோல் மேலும், மரத்துப்போன இடத்திலும் வைக்கவே கூடாது, வெந்துபோனாலும் தெரியாது என்றார். வேறு இடத்துக்கு என்றாலும் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். நோய் பரவிய எலும்பை அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. அதற்குப் பதிலாக அப்பாவின் கைகளையும் பாதங்களையும் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவச் சொன்னார். முதுகு வலிக்குக் கையைத் தடவினால் என்ன ஆகும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அப்பாவின் தோள் இறக்கம் கண்டது.

இதற்குக் காரணத்தையும் பிறகு படித்தேன். 1965-இல் மெல்ஸாக், வால் என்ற இருவர் சொன்ன 'கதவு' கொள்கை ஒன்று இருக்கிறது. வலிச் செய்தி மெல்லிய நரம்பு இழைகள் வழியாகத் தண்டுவடத்துக்கு வருகிறது. தொடுதல், அழுத்தம் இவற்றின் செய்தி தடித்த இழைகள் வழியாக வருகிறது. தடித்த இழையின் செய்தி அதிகமாக வந்தால் தண்டுவடத்தில் உள்ள கதவு கொஞ்சம் மூடிக்கொள்கிறது. மூளைக்குப் போகும் வலி குறைகிறது. பயம், கவலை, தூக்கமின்மை போன்றவை மூளையிலிருந்து அந்தக் கதவைத் திறந்துவிடவும் முடியும். பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலேயே தேய்த்துவிட்டுக்கொள்கிறோமே, அதுதான். சிஸ்டர் ராத்திரியில் அப்பா பக்கத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு, என் போனில் பழைய பாட்டைச் சின்ன சத்தத்தில் வைக்கச் சொன்னதும், எதைச் செய்வதற்கு முன்னும் சொல்லிவிட்டுச் செய்ததும் இந்தக் கதவுக்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

ஆனால் சிஸ்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: "தலையணையும் எண்ணெயும் மருந்துக்குத் துணை தம்பி. மருந்துக்குப் பதில் இல்லை. முக்கா ரூபாய் வலியைத் தடவிக்கொடுத்தே போக்கிடலாம்னு நினைக்கக் கூடாது."

டாக்டர் எழுதிய மருந்து மார்ஃபின். சின்ன மாத்திரை. அரை மாத்திரையில் தொடங்கி, அப்பா சொன்ன பைசாக் கணக்கைப் பார்த்துப் பார்த்து, 10 மில்லிகிராம் முழு மாத்திரைக்கு வந்தார்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று. ராத்திரி 10 மணிக்கு இரண்டு. அந்த இரண்டு எதற்கென்றால், நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பாமல் தூங்கவிடுவதற்கு. ஒரு மாத்திரையின் வேலை நாலு மணி நேரம்தான். வலி வந்தபின் கொடுப்பதில்லை. முந்தைய மாத்திரை ஓய்வதற்குள் அடுத்ததைக் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொன்னது இதைத்தான்: முடிந்தவரை வாய் வழியாக, மணிப்படி. இடையில் வலி மீறினால் ஒன்று கூடுதலாக. குளிப்பாட்டப் போகிறோம் என்றால் அரைமணி, முக்கால் மணி முன்னால் ஒன்று. கூடவே பாராசிட்டமால். முதல் சில நாள் வாந்தி வந்தால் அதற்கு ஒன்று. மார்ஃபின் சாப்பிடும் வரைக்கும் மலச்சிக்கல் இருக்கும். அது தானாகச் சரியாகாது என்பதால் அதற்கும் தினசரி மருந்து.

மூன்றாம் நாள் அப்பா சொன்னார்: "கால் ரூவாதான் இருக்குதுங்க." அன்று ராத்திரி அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். அம்மா அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே அழுதார்.

* * *

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் 100 மாத்திரை. பதினாலு நாளைக்கு 84, கூடுதல் தேவைக்கு 16. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, மணி, மாத்திரை, எத்தனை பைசா வலி என்று மூன்று பத்தி எழுதச் சொன்னார் சிஸ்டர். "உங்களுக்கு ரெக்கார்டு எழுதிப் பழக்கம் இருக்குமே, நீங்களே பார்த்துக்கங்க தம்பி" என்றார்.

வியாழன் ராத்திரி இரண்டு மாத்திரை கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை சித்தப்பா வந்தார். மாத்திரைப் பேரை யாரிடமோ கேட்டு வந்திருந்தார். "மார்ஃபின்னா அபின்டா! போதை மருந்து! மனுசனை அடிமையாக்கிப் போடும். இது கடைசி நேரத்துல குடுக்கற மருந்து. இப்பவே குடுத்துட்டா அப்புறம் எதைக் குடுப்பீங்க?"

சித்தப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர். நம் வயசுப் பசங்க சிலர் வலி மாத்திரையைப் போதைக்குத் தின்று சீரழிந்த செய்தியெல்லாம் அவர் பேப்பரில் படித்தவர். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. சிஸ்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'ரொம்ப வலிச்சா மட்டும் கொடுப்போம்' என்று நானே முடிவு செய்தேன். நாளைக்கு இரண்டு மாத்திரை. நோட்டில் மட்டும் ஆறும் கொடுத்ததாக எழுதினேன்.

அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை மன்னிக்கலாம். மூன்றாவது பத்தி இருந்ததே, எத்தனை பைசா வலி என்று... அதிலும் '25', '25', '20' என்று வரிசையாக எழுதினேன். அப்பாவைக் கேட்காமலே எழுதினேன். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் மாத்திரை கொடுக்க வேண்டும். அதனால் நான் கேட்கவே இல்லை. அந்தப் பத்தியைப் பார்த்தால் வளைகோடு அவ்வளவு அழகாக இறங்கியிருக்கும். நம்ம சார் பார்த்திருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பார்!

பக்கத்து அறையில் அப்பா முனகலைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். நான் எட்டிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டியில் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கஞ்சி டம்ளர் தொடாமல் இருந்தது. உதடு காய்ந்திருந்தது. நெற்றி சுளித்திருந்தது. மாத்திரை டப்பாவைக் கேட்டார். கட்டிலிலேயே கொட்டி எண்ணினார். நோட்டின்படி 28 தீர்ந்திருக்க வேண்டும். குறைந்திருந்தது 11.

யாரும் பேசவில்லை. முதலில் பேசியது அப்பாதான்.

"பையன் சரியாத்தான் குடுக்கறானுங்க. நாந்தான் வேண்டாம்னு போட்டனுங்க."

நண்பர்களே, எனக்குப் பத்தொன்பது வயசு. அதுவரை நான் வாங்கிய அடி எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வார்த்தை போல வலித்ததில்லை. நாலரை நாள் அவருக்கு வலி கொடுத்தது நான். அந்த வலியிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தது அவர். "இல்லை சிஸ்டர், நான்தான் கொடுக்கலை" என்று சொல்லும்போது குரலே வரவில்லை.

சிஸ்டர் திட்டவில்லை. போனில் டாக்டரிடம் பேசினார். "பத்து மணி மாத்திரையை இப்ப கொடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். பிறகு சித்தப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். வலிக்காக, டாக்டர் அளந்து கொடுத்து, அளவு பார்த்துச் சாப்பிடுகிறவருக்குப் போதைக்காரனுக்கு வருகிற அந்தத் தேட்டம் வருவது அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகும். அதனால் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது வேறு, அடிமையாவது வேறு. இது கடைசி மருந்தும் இல்லை. வலி கூடினால் அளவைக் கூட்ட இடமிருக்கிறது. கதிர்வீச்சு வேலை செய்து வலி குறைந்தால் குறைக்கவும் முடியும். மருந்துக்குப் பயந்து வலியை வைத்திருந்தால் சாப்பாடு போகும், தூக்கம் போகும், மனசு உடையும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா மெதுவாகச் சொன்னார்: "பாவுல ஒரு நூல் அறுந்தா உடனே தறிய நிறுத்தி முடிச்சுப் போட்டுரோணும். பாக்காம ஓட்டுனா துணி பூராவும் கோடு விழுந்துருமுங்க. அது மாதிரிதானுங்களே சிஸ்டர்?"

"அதேதான் ஐயா. நான் இத்தனை வருஷமா சொல்றதை நீங்க ஒரு வரியில சொல்லிட்டீங்க" என்றார் சிஸ்டர். சித்தப்பாவும் தறிக்காரர்தான். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளிலிருந்து காலை ஆறு மணி மாத்திரை அவர் பொறுப்பு.

புறப்படும்போது வாசலில் வைத்து சிஸ்டர் என்னிடம் கேட்டார்: "காலேஜ் லேப்லயும் இப்படித்தான் எழுதுவீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

* * *

போனில் அலாரம் வைத்தேன். 6, 10, 2, 6, 10. கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். 60 என்றால் 60. ஒரு நாள் 80 கூட வந்தது. அன்று போன் செய்தோம், அளவை மாற்றினார்கள். குளிப்பாட்டுவதற்கு முக்கால் மணி முன்னால் மாத்திரை; பிறகு நானும் சித்தப்பாவும் விரிப்பைப் பிடித்து மூணு எண்ணித் திருப்புவோம். அம்மா பாதத்துக்கு எண்ணெய் நீவுவார். மாத்திரை டப்பா பீரோவுக்குள், சாவி அம்மாவின் சேலை முந்தியில். தை மாதம் வரை இதுதான் எங்கள் வாழ்க்கை.

வலி முழுசாகப் போனதா? போகவில்லை. ஆனால் முக்கால் ரூபாய்க்கும் கால் ரூபாய்க்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்துத் தறிக்குடோன் சத்தத்தைக் கேட்டு "அங்க ஒரு தறிக்கு வேலை பாக்கோணும்" என்றார். ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். என் அரியர் பேப்பர் பற்றி விசாரித்தார் (அந்த வலியை மட்டும் நான்தான் தாங்க வேண்டியிருந்தது!). அம்மாவிடம் வீட்டுக் கடன் கணக்கெல்லாம் உட்கார்ந்து சொன்னார். முழு வலியில் கிடக்கும் மனுஷன் வலியைத் தவிர வேறொன்றும் இல்லை. வலி இறங்கியதும் எங்களுக்கு அப்பா திரும்பக் கிடைத்தார், ஐந்து மாசத்துக்கு.

இன்னொரு செய்தியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ஃபின் எடுக்கும் அபின் நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விளைகிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், பல உரிமம் வாங்க வேண்டுமென்று ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே கைவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்களும் நர்சுகளும் அதைக் கையாளாமலே வளர்ந்தார்கள். கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993-இல் வலி நிவாரணச் சங்கம் தொடங்கி, வீடு தேடிப் போகும் வழியைக் காட்டினார்கள். அவர்களைப் போன்றவர்கள் பல வருஷம் போராடிய பிறகு 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்தியாவசிய மருந்துகளுக்கு விதி எளிதானது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே தரும் வலி நிவாரண சேவையும் அதில் சேர்க்கப்பட்டது. அதனால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வலியில் கிடந்தால், "இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லை" என்று யாராவது கைவிரித்தால், நம்பாதீர்கள். நோயைத் தீர்க்க முடியாத இடத்திலும் வலியைக் குறைக்க முடியும். அரசு ஆஸ்பத்திரியில் வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த வலி மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம், என்னைப் போல நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அப்பா 2025 தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போனார். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குக் கேட்டேன்.

"எத்தனை பைசாப்பா?"

"கால் ரூவா சாமி. இது என்கிட்டயே இருக்கட்டும், விடு."

அதை நோட்டில் அப்படியே எழுதினேன். 25. ஆகஸ்ட் மாதம் நான் கேட்காமலே எழுதிய அதே 25. ஆனால் இது அவர் சொன்னது.

மிச்சமிருந்த மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் திருப்பி ஒப்படைக்கும்போது சிஸ்டரிடம் அந்த நோட்டையும் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பொய்யாக எழுதிய அந்த முதல் ஐந்து நாள் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. "கிழிக்காம வைச்சிருக்கீங்களே, அது போதும்" என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அடுத்தவருக்கு வந்ததும் தெரிய ஒரு வழி இருக்கிறது நண்பர்களே. கேட்பது. கேட்டதை நம்புவது. உங்கள் வீட்டில் "பரவால்ல" என்று சொல்லிக்கொண்டு ஒரு அப்பாவோ அம்மாவோ ஆயாவோ இருப்பார்கள். இன்றைக்கு ஊருக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை பைசா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. போன செமஸ்டரில் லோடு டெஸ்ட் ரெக்கார்டில் என் கிராஃப் கோணல்மாணலாக இருக்கிறது என்று நீங்கள் எல்லோரும் கிண்டல் செய்தீர்கள். இரண்டு மார்க்கும் போனது. அது அத்தனையும் நான் எடுத்த ரீடிங்.



– மூன்றாமாண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை